காதுகேளாத இளையோர் சமூக ஊடகங்களைப் பாதுகாப்பாகக் கையாள்வது எப்படி?

இணையப் பாதுகாப்பு குறித்து நாம் படிக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை காது கேட்பவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. சந்தேகம் வந்தால் நண்பருக்கு ஒரு போன் செய்து கேளுங்கள் என்றும், உதவி எண்ணை அழையுங்கள் என்றும், முகம் தெரியாதபடி பதிவிடுங்கள் என்றும் அவை சொல்கின்றன. தொலைபேசியில் குரலைக் கேட்க முடியாத, கையாலும் முகத்தாலும் பேசுகிற ஓர் இளைஞருக்கு இந்த மூன்றில் ஒன்றுகூடப் பயன்படுவதில்லை. காதுகேளாத குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டோர் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறந்தவர்கள். வீட்டில் யாருக்கும் சைகை மொழி சரளமாக வராத நிலையில், தம் மொழியில் மனம்விட்டுப் பேசுவதற்கு அவர்களுக்குக் கிடைக்கும் முதல் இடம் பல நேரங்களில் வீடியோ காலும் வாட்ஸ்அப் குழுவுமாகவே இருக்கின்றன. அதனால் ‘சமூக ஊடகமே வேண்டாம்’ என்று அவர்களிடம் சொல்வது பாதுகாப்பு ஆகாது. அது அவர்களைத் தனிமைப்படுத்துவதில்தான் முடியும். கண்ணையும் கையையும் நம்பி வாழ்பவருக்கு ஏற்ற பாதுகாப்பு முறைகள் தனியே இருக்கின்றன. அவற்றைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். பெரும்பகுதி இளையோருக்கானது, கடைசிப் பகுதி பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் உரியது.

எண்ணும் கணக்கும் உங்கள் கையில் இருக்கட்டும்

அழைப்பு வந்தால் பேசுவதற்கு வசதியாக இருக்கட்டும் என்று, காதுகேளாத பலருடைய வங்கிக் கணக்கிலும் சமூக ஊடகக் கணக்கிலும் வீட்டில் வேறொருவருடைய கைபேசி எண்ணைக் கொடுத்திருப்பார்கள். சிறு வயதில் அது உதவிதான். ஆனால் வளர்ந்த பிறகும் ஓடிபி எண்கள் இன்னொருவருக்கே போய்க்கொண்டிருந்தால், அந்தக் கணக்கு உண்மையில் உங்களுடையது அன்று. அந்த நபரோடு மனத்தாங்கல் ஏற்பட்டாலோ, அவர் எண்ணை மாற்றிவிட்டாலோ, உங்கள் கணக்கை மீட்க உங்களுக்கு வழி இருக்காது. வாய்ப்புக் கிடைத்ததும் உங்கள் சொந்த எண்ணுக்கும் சொந்த மின்னஞ்சலுக்கும் எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்து, கடவுச்சொல்லோடு இன்னோர் எண்ணையும் கேட்கும் இருபடிச் சரிபார்ப்பை இயக்குங்கள். வாட்ஸ்அப்பில் அமைப்புகளுக்குள் சென்று ஆறு இலக்க பின் எண் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், கூகுள் போன்றவற்றுக்கு ஆத்தென்டிகேட்டர் செயலி நல்லது. அது 30 விநாடிக்கு ஒரு முறை புதிய எண்ணைத் திரையில் காட்டும். அதற்குக் குரல் அழைப்பும் வேண்டாம், சிக்னலும் வேண்டாம். இதை இயக்கும்போது சில மாற்றுக் குறியீடுகளைத் தருவார்கள். அவற்றை ஒரு தாளில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். கைபேசி தொலைந்த பிறகு வாடிக்கையாளர் சேவை மையத்துக்குப் போன் செய்து வாதாடும் வழி உங்களுக்கு எளிதாக இல்லாததால், காது கேட்பவர்களைவிட உங்களுக்குத்தான் அந்தத் தாள் அதிகம் தேவை.

இங்கே பலர் கவனிக்காத ஓர் ஓட்டை உண்டு. குறுஞ்செய்தி வழியே ஓடிபி வராவிட்டால், குரல் அழைப்பில் எண்ணைச் சொல்லும் வசதியைப் பல செயலிகள் வைத்திருக்கின்றன. திருடன் ஒருவன் உங்கள் எண்ணில் கணக்குத் தொடங்க முயன்று, அந்தக் குரல் அழைப்பைக் கேட்டு வாங்கலாம். நீங்கள் எடுக்காத அந்த அழைப்பு உங்கள் வாய்ஸ் மெயிலில் பதிவாகிவிடும். வாய்ஸ் மெயிலுக்கு நிறுவனம் கொடுத்த பொதுவான கடவு எண்ணே இன்னும் மாற்றப்படாமல் இருந்தால், அவன் அதற்குள் நுழைந்து ஓடிபியைக் கேட்டுவிடுவான். குரல் அழைப்பையே பயன்படுத்தாத ஒருவருக்குத் தன் எண்ணில் வாய்ஸ் மெயில் இருப்பதுகூடத் தெரிந்திருக்காது. தொலைத்தொடர்பு நிறுவனத்தின் செயலி வழியாகவோ நேரில் சென்றோ அதை அணைத்துவிடச் சொல்லுங்கள். நீங்கள் எதுவும் கேட்காமலேயே ஓடிபி வந்தாலும், அறிமுகமில்லாத எண்ணிலிருந்து நள்ளிரவில் தொடர்ந்து அழைப்புகள் வந்திருந்தாலும், கணக்கில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ என்ற பகுதியைத் திறந்து, உங்களுக்குத் தெரியாத கணினியோ கைபேசியோ இருந்தால் உடனே வெளியேற்றுங்கள்.

கணக்கைத் தனிப்பட்டதாக வைப்பது, குழுக்களில் யார் உங்களைச் சேர்க்கலாம் என்பதைத் தொடர்பில் உள்ளவர்களோடு நிறுத்துவது, நண்பர் பட்டியலை மறைப்பது ஆகிய மூன்றும் ஐந்து நிமிட வேலை. நண்பர் பட்டியலை மறைப்பதன் காரணத்தைப் பின்னர் சொல்கிறேன்.

வீடியோவில் எது தெரிகிறது, எது கேட்கிறது

காது கேட்கும் ஒருவர் தன் முகத்தைக் காட்டாமல், பெயரைச் சொல்லாமல், எழுத்தாலோ குரலாலோ ஒரு கருத்தை வெளியிட முடியும். சைகை மொழியில் அது இயலாது. புருவம், உதடு, கன்னம், தலையசைப்பு எல்லாம் அந்த மொழியின் இலக்கணத்தில் சேர்ந்தவை. முகத்தை மங்கலாக்கினால் பொருளே மாறிவிடும். எனவே சைகை மொழியில் நீங்கள் பதிவிடும் ஒவ்வொரு வீடியோவும் உங்கள் அடையாளத்தோடுதான் வெளியே போகிறது. எதை முகத்தோடு சொல்லலாம், எதை எழுத்தில் மட்டும் சொல்லலாம், எதை நான்கு பேர் இருக்கும் குழுவுக்குள் மட்டும் சொல்லலாம் என்று பதிவு செய்வதற்கு முன்பே பிரித்துக்கொள்ளும் பழக்கம் வேண்டும். வீட்டுச் சண்டை, உடல்நலம், காதல், ஒருவர் மீதான குற்றச்சாட்டு ஆகியவற்றைப் பொதுவெளியில் சைகை வீடியோவாக வெளியிடும் முன் ஒரு நாள் காத்திருங்கள் என்பது என் உறுதியான கருத்து.

சைகை செய்வதற்கு இடுப்புக்கு மேல் முழுவதும் தெரிய வேண்டும் என்பதால் கேமரா தள்ளி வைக்கப்படுகிறது. அப்போது அறையும் சேர்ந்து தெரியும். சுவரில் மாட்டிய சான்றிதழில் பள்ளியின் பெயர் இருக்கும்; கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையில் உங்கள் பெயரும் பிறந்த நாளும் இருக்கும்; ஜன்னலுக்கு வெளியே ஒரு கடையின் பெயர்ப்பலகை தெரியும்; கண்ணாடியில் உடை மாற்றிக்கொண்டிருக்கும் இன்னொருவர் தெரியலாம். காதுகேளாதோர் பள்ளிகள் மிகச் சிலவே இருப்பதால், சீருடையோ சின்னமோ தெரிந்தாலே உங்களைத் தேடி வந்துவிட முடியும். சைகை செய்யும்போது உங்கள் கண் கேமராவைத்தான் பார்க்கும், பின்னணியைப் பார்க்காது. ஆகவே முதலில் நீங்கள் நகர்ந்துகொண்டு, ஆளில்லாத அந்த இடத்தை மட்டும் ஐந்து விநாடி பதிவு செய்து, திரையை மூலைக்கு மூலை பெரிதாக்கிப் பாருங்கள். செயலிகளில் உள்ள பின்னணி மறைக்கும் வசதியை நம்ப வேண்டாம். கை வேகமாக அசையும்போது அது விரல்களையும் சேர்த்து அழித்துவிடும். ஒரு வெற்றுச் சுவர் அதைவிடச் சிறந்தது.

பார்ப்பதை நீங்கள் சரிபார்த்துவிடலாம். வீடியோவில் என்ன ஒலி பதிவாகியிருக்கிறது என்பதை எப்படிச் சரிபார்ப்பது? பக்கத்து அறையில் அம்மா போனில் ஓடிபியை உரக்கச் சொல்வது, அண்ணன் யாரையோ திட்டுவது, யாரோ உங்கள் முகவரியைக் கூரியர்காரரிடம் விளக்குவது எல்லாம் மைக்கில் ஏறியிருக்கும். உங்களுக்குத் தெரியாமலே ஊருக்கே போய்ச் சேரும். இதற்கு எளிய விதி ஒன்று உண்டு. சைகை வீடியோவுக்கு ஒலி தேவையில்லை. ஆகவே ஒலியை எடுத்துவிட்டே அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவை அனுப்புவதற்கு முன் வரும் திரையில் ஒலிபெருக்கிச் சின்னம் இருக்கும். அதைத் தொட்டால் ஒலி நீங்கிவிடும். மற்ற செயலிகளில் திருத்தும் பகுதியில் ஒலியளவைப் பூஜ்யமாக்கலாம். வீடியோ காலிலும் உங்களுக்குத் தேவையில்லாதபோது மைக்கை அணைத்து வைப்பதே நல்லது. சைகை செய்யும்போது தொண்டையிலிருந்து இயல்பாக எழும் ஒலி குறித்து வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஒலியை மட்டும் வெட்டி எடுத்துக் கேலிப் படம் செய்யும் கொடுமனத்தார் இருக்கிறார்கள் என்பதால், அதை வெளியிடுவதா வேண்டாமா என்ற முடிவு உங்களுடையதாக இருக்க வேண்டும்.

ரீல்ஸில் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள் என்று ஒரு பாட்டைச் சேர்ப்பதற்கு முன்பும் இதே எச்சரிக்கை தேவை. பாட்டின் வரிகளை எழுத்தில் தேடிப் படியுங்கள். அதில் ஆபாசமோ சாதி வெறுப்போ இருந்தால், அதை நீங்கள் சொன்னதாகவே மற்றவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

பொது இடங்களில் வீடியோ கால் பேசும்போது, எதிர் வரிசையில் இருப்பவருக்குச் சைகை தெரியாது என்று எண்ணிவிடக் கூடாது. குரலைத் தாழ்த்துவதைப்போலக் கையைத் தாழ்த்த முடியாது. கடவுச்சொல்லையும் பின் எண்ணையும் வீட்டு முகவரியையும் விரலெழுத்தில் (ஒவ்வோர் எழுத்தாக விரலால் காட்டும் முறையில்) காட்டாமல், தட்டச்சு செய்து அனுப்பிவிட்டுப் பிறகு அழித்துவிடுங்கள். ஓடிபி எண்ணை மட்டும் எந்த வழியிலும் யாருக்கும் அனுப்பவே கூடாது.

‘நானும் காதுகேளாதவன்தான்’ என்று வருபவர்

காதுகேளாதோர் சமூகம் சிறியது. ஒருவரைத் தெரிந்தால் அவருடைய வகுப்புத் தோழர், சங்கத் தோழர், விளையாட்டுத் தோழர் என்று நூறு பேரைத் தெரிந்ததாகிவிடும். அறிமுகமில்லாத ஒருவர் சைகையில் பேசினாலே ‘நம்ம ஆள்’ என்ற பாசம் உடனே வருகிறது. அந்தப் பாசம் மதிப்புமிக்கது. மோசடிக்காரர்கள் குறிவைப்பதும் அதைத்தான். 2010ஆம் ஆண்டில் அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணையம், இம்பீரியா இன்வெஸ்ட் என்ற இணையவழி முதலீட்டு நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. உலகம் முழுவதும் சுமார் 14,000 பேரிடமிருந்து 70 லட்சம் டாலருக்கும் மேல் திரட்டப்பட்டதாகவும், அதில் 40 லட்சம் டாலருக்கும் மேற்பட்ட தொகை அமெரிக்காவில் உள்ள காதுகேளாதோருடையது என்றும் ஆணையம் கூறியது. நாளொன்றுக்கு 1.2 விழுக்காடு வருமானம் உறுதி என்பதே அவர்கள் காட்டிய ஆசை. கணக்குப் போட்டுப் பார்த்தால், வருமானத்தை எடுக்காமல் அதிலேயே விட்டுவைத்தால், போட்ட பணம் இரண்டு மாதத்துக்குள் இரட்டிப்பாகும் என்று பொருள். நேர்மையான எந்த முதலீடும் அப்படி உறுதி தராது.

இன்று அதே மோசடி வேறு உருவில் வருகிறது. உங்கள் நண்பரின் கணக்கை யாரோ கைப்பற்றி, அவர் பெயரிலேயே எழுதுகிறார்: ‘காதுகேளாதோருக்கு உதவித்தொகை தருகிறார்கள், எனக்குக் கிடைத்துவிட்டது, பட்டியலில் உன் பெயரும் இருக்கிறது, முதலில் ஒரு சிறு கட்டணம் கட்ட வேண்டும்.’ பெயரும் படமும் நண்பருடையவை என்பதால் சந்தேகமே வருவதில்லை. நண்பர் பட்டியலை மறைக்கச் சொன்னதன் காரணம் இதுதான்: ஒரு கணக்கு திருடுபோனால், அடுத்து யாரைப் பிடிப்பது என்ற வரைபடம் அந்தப் பட்டியலில் இருக்கிறது. உதவித்தொகை பெறுவதற்குக் கட்டணம் கேட்டாலே அது மோசடி.

இந்த இடத்தில் உங்களிடம் ஒரு வலுவான ஆயுதம் உண்டு. காது கேட்பவர் போன் செய்து குரலைக் கேட்டுச் சரிபார்ப்பதைவிட, நீங்கள் வீடியோ காலில் சைகையைப் பார்த்துச் சரிபார்ப்பது நம்பகமானது. ஒவ்வொருவருக்கும் கை அசையும் விதம் தனி. உங்கள் ஊர்ச் சைகை, உங்கள் பள்ளிச் சைகை, நண்பர்கள் வைத்த பெயர்ச் சைகை ஆகியவற்றை வெளியாள் எளிதில் பின்பற்ற முடியாது. பணமோ எண்ணோ படமோ கேட்டு எழுத்தில் செய்தி வந்தால், ‘ஒரு நிமிடம் வீடியோவில் வா’ என்று கேளுங்கள். சைகையிலேயே எப்போதும் பேசும் நண்பர் ‘கேமரா கெட்டுவிட்டது, எழுத்தில் மட்டும் பேசு’ என்றால், அத்தோடு நிறுத்திவிட்டு, அவரை வேறு வழியில் தொடர்பு கொள்ளுங்கள். முகத்தைப் போலியாக மாற்றும் ஏஐ தொழில்நுட்பமும் வந்துவிட்டதால், வீடியோவில் தெரியும் முகம் மட்டும் போதாது. கை முகத்தின் குறுக்கே போகும் சைகைகளைச் செய்யச் சொல்லுங்கள். பல போலி முகங்கள் அந்த நேரத்தில் சிதறும், மங்கும். அப்படிச் சிதறாவிட்டாலும், நீங்கள் இருவர் மட்டுமே அறிந்த ஒரு நிகழ்வைக் கேட்டுப் பதில் வாங்கிய பிறகே நம்புங்கள்.

ப்ரொஃபைலில் காதுகேளாதவர் என்று எழுதலாமா என்று இளையோர் பலர் கேட்கிறார்கள். எழுதலாம், அதில் மறைக்க என்ன இருக்கிறது? உங்கள் மக்கள் உங்களைக் கண்டுபிடிக்கவும் அது உதவும். ஆனால் அதே இடத்தில் வயது, பள்ளி, வசிக்கும் பகுதி ஆகியவற்றையும் சேர்த்து எழுதாதீர்கள்.

எழுத்திலும் கேப்ஷனிலும் ஏமாறாமல் இருக்க

சைகை மொழியையே முதல் மொழியாகக் கொண்டவருக்கு எழுத்து மொழி இரண்டாவது மொழி. நீண்ட, சட்ட நடையில் எழுதப்பட்ட செய்தி வந்தால் குழப்பம் வருவது இயல்பு. அறிவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. எழுத்துப் பிழை இருந்தால் மோசடி என்ற பழைய அறிவுரையும் இப்போது செல்லாது, ஏனென்றால் மோசடிக்காரர்கள் ஏஐ கொண்டு பிழையில்லாமல் எழுதுகிறார்கள். வாக்கியம் முழுவதும் புரிந்தாக வேண்டும் என்றில்லை. அந்தச் செய்தி உங்களிடம் என்ன கேட்கிறது என்று மட்டும் பாருங்கள். பணம், எண், படம், லிங்கைத் தொடுதல் ஆகியவற்றில் ஒன்றைக் கேட்டு, அதோடு ‘உடனே’ என்றோ ‘யாரிடமும் சொல்லாதே’ என்றோ சேர்த்தால் பதில் அனுப்பாதீர்கள். வங்கியிலிருந்து வந்ததாகச் சொன்னால், லிங்கைத் தொடாமல் வங்கிச் செயலியை நீங்களே திறந்து பாருங்கள். இன்னொருவரிடம் படித்துக் காட்டச் சொல்வதாக இருந்தால் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்புங்கள், கைபேசியையே கொடுத்துவிடாதீர்கள்.

வாய்ஸ் மெசேஜ் அனுப்பும் அந்நியரிடம் எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். அதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் ‘ஓகே’ என்று பதில் போடக் கூடாது. தானியங்கி கேப்ஷனை நம்புவதிலும் நிதானம் வேண்டும். யூடியூபில் 2009 முதல் இந்த வசதி இருக்கிறது, ஆண்டுக்காண்டு மேம்பட்டும் வருகிறது. ஆனால் பெயர்கள், எண்கள், ‘இல்லை’, ‘கூடாது’ போன்ற சொற்கள் இன்னமும் தவறிப்போகின்றன. மருந்தின் அளவு, பணம், சட்டம் தொடர்பான வீடியோவில் அந்த ஒரு சொல் விடுபட்டால் பொருள் தலைகீழாகும். அத்தகைய செய்திகளை எழுத்து வடிவில் இன்னோர் இடத்திலும் பார்த்த பிறகு நம்புங்கள்.

அந்தரங்கப் படத்தை வைத்து யாரேனும் மிரட்டினால்

இதைப் பற்றிப் பேசத் தயங்குவதால்தான் பல இளையோர் தனியாக மாட்டிக்கொள்கிறார்கள். பெரும்பாலும் இது ஒரே முறையில் நடக்கிறது. அழகான ஒருவர் நட்புக் கேட்கிறார். சில நாள் அன்பாகப் பேசுகிறார். பிறகு வீடியோ காலுக்கு அழைத்து ஆடையைக் களையச் சொல்கிறார். அதைப் பதிவு செய்துகொண்டு, பணம் தராவிட்டால் உன் குடும்பத்துக்கும் பள்ளிக்கும் அனுப்பிவிடுவேன் என்கிறார். காது கேட்கும் இளைஞருக்கு வீடியோ காலைத் தவிர்த்துப் பேசும் வழி உண்டு. சைகையில் பேசுபவருக்கு வீடியோதான் பேச்சு என்பதால், அவர் முகம் முதல் நாளிலிருந்தே எதிராளியின் கையில் இருக்கிறது. ‘ஒரு முறை மட்டும் பார்க்கலாம்’ என்ற வசதியோடு அனுப்பிய படமும் பாதுகாப்பானது அன்று. இன்னொரு கைபேசியால் அந்தத் திரையையே படம் பிடித்துவிடலாம்.

அப்படி நடந்துவிட்டால் முதலில் மனத்தில் நிறுத்த வேண்டியது, குற்றம் செய்தவர் மிரட்டுபவர்தான், நீங்கள் அல்லர் என்பது. பணம் கொடுக்காதீர்கள். ஒரு முறை கொடுத்தால் அடுத்த முறை கூடுதலாகக் கேட்பார்கள். உரையாடலை அழிக்காதீர்கள். மிரட்டுபவரின் பயனர் பெயர், ப்ரொஃபைல் லிங்க், பணம் அனுப்பச் சொன்ன கணக்கு எண், தேதியும் நேரமும் தெரியும்படியான உரையாடல் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அதன் பிறகு அந்தக் கணக்கை ரிப்போர்ட் செய்து, பிளாக் செய்யுங்கள். அன்றைக்கே நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லிவிடுங்கள்; அந்த முதல் இரவைத் தனியாகக் கழிக்கக் கூடாது.

படம் பரவாமல் தடுக்க இரண்டு இலவசச் சேவைகள் உள்ளன. படத்தில் இருப்பவர் அப்போது 18 வயதுக்குட்பட்டவராக இருந்தால் ‘டேக் இட் டவுன்’ என்ற சேவை. அதை அமெரிக்காவின் காணாமற்போன, சுரண்டப்படும் குழந்தைகளுக்கான தேசிய மையம் நடத்துகிறது. 18 வயதைக் கடந்தவர்களுக்கு, 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட ‘ஸ்டாப் என்சிஐஐ’ (StopNCII) என்ற சேவை. இரண்டிலும் படத்தை நீங்கள் யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. உங்கள் கைபேசியிலேயே அந்தப் படத்துக்கு ஹாஷ் எனப்படும் ஓர் எண்கோவை உருவாக்கப்படும். அந்த எண்கோவை மட்டுமே, இந்தத் திட்டத்தில் சேர்ந்துள்ள சமூக ஊடக நிறுவனங்களுக்குப் போகும். அதே படம் அங்கே பதிவேற்றப்பட்டால் கண்டுபிடித்து நீக்க அது உதவும். அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும் பார்க்க முடியாதபடி முழு மறையாக்கம் உள்ள தனிச் செய்திகளில் இது வேலை செய்யாது என்றாலும், பொதுவெளியில் பரவுவதைப் பெருமளவு தடுக்கலாம். குரல் அழைப்பு எதுவும் தேவைப்படாத சேவைகள் என்பதால் இவற்றை நீங்களே பயன்படுத்த முடியும்.

காவல் நிலையத்துக்குச் சென்றால் சைகை மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு வாங்குங்கள். 2006இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான உடன்படிக்கையின் 13ஆம் பிரிவு, நீதியை அணுகுவதில் சம உரிமையை வலியுறுத்துகிறது. உறவினர் ஒருவர் மொழிபெயர்ப்பதாக முன்வந்தாலும், அந்தரங்கமான வழக்கில் அது சரிவராது. கூச்சத்தால் நீங்களும் பாதியை விழுங்குவீர்கள், அவரும் பாதியை மாற்றிச் சொல்வார்.

கேலியும் வெறுப்பும்

காது கருவியைக் கேலி செய்வது, சைகை மொழியைக் கோமாளித்தனமாக நடித்துக் காட்டுவது, பேச்சொலியைப் பகடி செய்வது ஆகியவை காது கேட்பவர்களிடமிருந்து வருபவை. வலிக்கும், ஆனால் பிளாக் செய்து கடந்துவிட முடியும். காதுகேளாதோர் குழுக்களுக்குள்ளேயே ஒருவரைப் பற்றி வதந்தி பரப்பி ஒதுக்கிவைப்பது அதைவிடக் கொடியது, ஏனென்றால் அவருக்குப் போக வேறு இடம் இல்லை. இன்னொருவரின் சைகை வீடியோவை அவர் அனுமதியின்றி வேறு குழுவுக்கு அனுப்புவதில்லை என்பதை உங்கள் குழுவின் முதல் விதியாக்குங்கள்.

சைகையில் யாரேனும் மிரட்டினால் ஸ்கிரீன்ஷாட் போதாது; நின்றுபோன கையிலிருந்து பொருள் விளங்காது. திரையைப் பதிவு செய்யும் வசதியால் முழு வீடியோவையும் சேமியுங்கள். ரிப்போர்ட் செய்யும்போது, அதைப் பரிசீலிப்பவருக்குச் சைகை மொழி தெரிந்திருக்காது என்று எண்ணிக்கொண்டே எழுதுங்கள். ‘இந்த வீடியோவில் 12ஆம் விநாடியில் இவர் என்னை அடிப்பதாகச் சைகை மொழியில் மிரட்டுகிறார்’ என்ற அளவில் தெளிவாக எழுத இடம் இருந்தால் எழுதுங்கள். மறுக்கப்பட்டால் மேல்முறையீடு செய்யுங்கள்.

நேரில் சந்திக்கப் போகும்போது

வெளிச்சமும் ஆட்களும் உள்ள பொது இடம், நண்பர் ஒருவர் உடன் வருவது, வீட்டில் ஒருவருக்குத் தகவல் என்ற விதிகள் எல்லோருக்கும் பொதுவானவை. உங்களுக்குக் கூடுதலாக மூன்று தேவை. கூக்குரலிட்டு உதவி கேட்பதும் ஒலியைக் கேட்டு எச்சரிக்கை அடைவதும் எளிதல்ல என்பதால், ‘ஆபத்தில் இருக்கிறேன், இந்த இடத்துக்கு வாருங்கள்’ என்ற செய்தியை முன்பே எழுதிச் சேமித்து வைத்து, கைபேசியின் அவசர உதவி வசதியோடு இணையுங்கள். நேரடி இருப்பிடத்தை ஒருவருக்கு, அந்தச் சில மணி நேரத்துக்கு மட்டும் பகிருங்கள். மின்னேற்றம் குறைவாக இருந்தால் போகவே வேண்டாம். உங்கள் நாட்டில் அவசர எண்ணுக்குக் குறுஞ்செய்தியோ வீடியோவோ அனுப்பும் வசதி இருக்கிறதா என்று இன்றே பார்த்துப் பதிவு செய்துகொள்ளுங்கள். பிரிட்டனில் 2022 ஜூன் முதல் 999 சேவையைச் சைகை மொழி வீடியோ வழியே அணுக முடிகிறது. அமெரிக்காவின் பல பகுதிகளில் 911 எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம்.

பெற்றோரும் ஆசிரியரும் செய்ய வேண்டியது

பிள்ளை தவறு செய்துவிட்டால் கைபேசியைப் பறிப்பதுதான் பல வீடுகளில் முதல் தண்டனை. காதுகேளாத பிள்ளைக்குக் கைபேசி என்பது தொலைபேசி, மொழிபெயர்ப்பாளர், அதிர்வால் எழுப்பும் கடிகாரம், கேப்ஷன், நண்பர் வட்டம் எல்லாமும் சேர்ந்தது. அதைப் பறித்துவிடுவார்கள் என்ற பயம் இருக்கும்வரை, மிரட்டப்படும் பிள்ளை உங்களிடம் சொல்லவே மாட்டாள், மாட்டான். ‘என்ன நடந்திருந்தாலும் போனை வாங்கமாட்டோம், முதலில் உதவி செய்வோம்’ என்று இன்றைக்கே வாக்குக் கொடுங்கள், அதைக் காப்பாற்றுங்கள். கணக்குகளை ரகசியமாக வேவு பார்க்கும் செயலிகளைவிட இது அதிகம் பாதுகாக்கும். 13 முதல் 17 வயதுள்ளவர்களுக்கு, 2024 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட இன்ஸ்டாகிராமின் பதின்பருவக் கணக்கு உதவும்; 16 வயதுக்குட்பட்டவர் அதன் கட்டுப்பாடுகளைத் தளர்த்தப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். அதைப் பிள்ளைக்குத் தெரிந்தே, சேர்ந்து உட்கார்ந்து அமையுங்கள்.

பல குடும்பங்களில் வீட்டுச் சைகைகள் சாப்பிடு, தூங்கு, போ, வா, பள்ளி, பணம் என்ற அளவோடு நின்றுவிடுகின்றன. ‘ஒருவர் என் படத்தை வைத்து மிரட்டுகிறார்’ என்பதைச் சொல்ல அந்த வீட்டில் சைகையே இல்லை. மிரட்டுதல், அந்தரங்கம், தொடக்கூடாத இடம், ஏமாற்று, பயம், ரகசியம், காவல்துறை, பிளாக் ஆகியவற்றுக்கான சைகைகளைச் சைகை ஆசிரியரிடமோ காதுகேளாதோர் சங்கத்திலோ கேட்டு, வீட்டில் இருக்கும் எல்லோரும் கற்றுக்கொள்ளுங்கள். பிள்ளையையே ஆசிரியராக வைத்துக் கற்றால் இன்னும் நல்லது. அது வரும்வரை, சரளமாகச் சைகை பேசும் பெரியவர் ஒருவரை, காதுகேளாத ஆசிரியராகவோ சங்கத்தில் மூத்தவராகவோ, பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். எந்த நேரத்திலும் வீடியோ காலில் அழைக்கலாம் என்று அவரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள், அவர் எண்ணைப் பிள்ளையின் வாட்ஸ்அப் பட்டியலில் மேலே பின் செய்து கொடுங்கள்.